கழிச்சல் இல்லாமல் வந்த குடல்நோய்: ஆறு மாதக் குதிரைக் குட்டியில் லாசோனியா தொற்று

குதிரைகளுக்கு அரிதாக வரும் பாக்டீரியா நோய்களில், லாசோனியா இன்ட்ராசெல்லுலாரிஸ் உண்டாக்கும் சிறுகுடல் தடிப்பு நோயைத் தவறவிடுவது மிக எளிது. குடல்நோய் என்றால் கழிச்சல் இருக்கும் என்று மனம் எதிர்பார்க்கிறது. இந்த நோயிலோ பல குட்டிகளின் லத்தி கடைசிவரை உருண்டையாகவே இருக்கும். தாடைக்கடியில் வீக்கம், மந்தம், மெலிவு ஆகியவற்றை மட்டும் காட்டியபடி குட்டி தேய்ந்துகொண்டே போகும்.

கீழே வருவது ஒரு தனிக் குட்டியின் மருத்துவப் பதிவேடு அன்று. நோய் வழக்கமாக நடந்துகொள்ளும் விதத்தைப் படிப்படியாகக் காட்ட அமைத்த மாதிரி நிகழ்வு. குட்டியின் அளவீடுகள் அந்த நோக்கத்தில் வைக்கப்பட்டவை. மருந்தளவுகளும், இயல்பு வரம்புகளும், சோதனைகளின் குறைகளும் குதிரை மருத்துவத்தில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

குட்டி வந்த நிலை

ஆறு மாத ஆண் குட்டி. பால்குடி மறக்கடித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதே கொட்டிலில் அதே வயதில் இன்னும் ஏழு குட்டிகள். பத்து நாளாகத் தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகுகிறது, மற்றவற்றோடு ஓடுவதில்லை, விலா தெரிகிறது என்பவை முறையீடுகள். காய்ச்சல் கண்டதும் பண்ணையிலேயே நான்கு நாள் பெனிசிலினும் ஜென்டாமைசினும் ஊசியாகப் போடப்பட்டன. வலியும் அழற்சியும் குறைக்கும் ஃபினைல்பியூட்டசோனும் மூன்று நாள் வாயில் கொடுக்கப்பட்டது. குடற்புழு மருந்து மூன்று வாரத்துக்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. காய்ச்சல் ஏறி இறங்கியதே தவிர வேறு மாற்றம் இல்லை. ஐந்தாம் நாள் தாடைக்கடியில் வீக்கம் தென்பட்டது.

உடல் வெப்பம் 39.3 டிகிரி, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 72, மூச்சு 28. ஈறு வெளிறி, சற்று ஒட்டும் தன்மையுடன் இருந்தது. அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 விநாடி ஆயிற்று. நீரிழப்பு ஏறக்குறைய 5%. எடைமேடையில் 190 கிலோ. கூட இருந்த குட்டிகள் 225 முதல் 240 கிலோ வரை இருந்தன. தாடைக்கடியிலும், மார்பிலிருந்து விதைப்பை வரை அடிவயிற்றிலும், நான்கு கால்களின் கீழ்ப்பகுதியிலும் நீர் கோத்திருந்தது. வலியோ சூடோ இல்லை, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வயிறு பானைபோல் தொங்க, முதுகில் தசை வற்றியிருந்தது. லத்தி மாட்டுச் சாணம்போல் சற்றுத் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வீக்கத்திலிருந்து தொடங்கிய யோசனை

தொட்டால் வலிக்காமல், உடலின் தாழ்ந்த இடங்களில் எல்லாம் ஒரே சீராகக் கோக்கும் நீர் இரத்தப் புரதத்தைப் பார்க்கச் சொல்கிறது. நீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு அல்புமினுடையது. அது பாதியாகக் குறைந்தால் நீர் திசுக்களுக்குள் இறங்கத் தொடங்கும்.

முதல் இரத்தப் பரிசோதனையில் மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராம், அல்புமின் 1.2 கிராம். இந்த வயதில் அல்புமின் 2.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. வெள்ளணுக்கள் 14,800. அழற்சியில் கூடும் புரதமான ஃபைப்ரினோஜன் 500 மில்லிகிராம், இயல்பு 400-க்குள். சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கிரியாட்டினின் 1.8. சோடியமும் குளோரைடும் சற்றுக் குறைவு. மொத்தக் கால்சியமும் குறைந்திருந்தது. அதைக் கண்டு கால்சியம் ஏற்றவில்லை. இரத்தக் கால்சியத்தில் ஒரு பங்கு அல்புமினோடு ஒட்டியே ஓடுகிறது, அல்புமின் இறங்கினால் மொத்த அளவும் இறங்கும். அயனிக் கால்சியம் இயல்பாக இருந்தது, அதுதான் கணக்கு.

அல்புமின் குறைய மூன்று பெரிய வழிகள் உண்டு: கல்லீரல் உற்பத்தி செய்யாமை, சிறுநீரில் வெளியேறுதல், குடலில் கசிதல். கல்லீரல் நொதிகளும் பித்த அமிலமும் இயல்பு. குதிரையில் அல்புமினின் அரைவாழ்வு ஏறக்குறைய 19 நாள். ஆகவே கல்லீரல் முற்றிலும் கைவிட்டாலும் பத்தே நாளில் 1.2-க்கு இறங்குவது கடினம். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டாலே திடீரென விழுந்த அல்புமினுக்குக் கல்லீரலைத் துரத்தும் வேலை மிச்சமாகும். சிறுநீர்ப் பட்டையில் புரதம் ‘ஒன்று கூட்டல்’ காட்டியது. குதிரையின் சிறுநீர் இயற்கையிலேயே காரத்தன்மை உடையது, அந்தக் காரமே பட்டையின் நிறத்தை மாற்றிப் பொய்யான விடை தரும். எனவே சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் அளக்கப்பட்டது. 0.3 வந்தது, அதாவது சிறுநீரகம் வழியாக இழப்பு இல்லை. மிஞ்சியது குடல்.

ஸ்கேன்

முடியை மழிக்காமல், ஸ்பிரிட்டை நன்றாக ஊற்றி நனைத்து, 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைமுக மீயொலிப் புரோப் கொண்டு வயிறு முழுவதும் பார்க்கப்பட்டது. சிறுகுடலின் சுவர் இயல்பாக 3 மில்லிமீட்டருக்கு உள்ளே இருக்க வேண்டும். இந்தக் குட்டியில் தொப்புளுக்குப் பின்னாலும் இடது இடுப்பு மடிப்பு அருகிலும் பல குடல் வளையங்களில் 6 முதல் 8 மில்லிமீட்டர். குறுக்குவெட்டில் வண்டிச் சக்கரம்போல் தெரிந்தது. வளையங்கள் விரியவில்லை, அசைவு மெதுவாக இருந்தது. வயிற்றறையில் தெளிந்த நீர் சற்று இருந்தது.

அளப்பதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. குடல் சுருங்கும் கணத்தில் படத்தை நிறுத்தி அளந்தால் நல்ல குடலும் 5 மில்லிமீட்டர் காட்டும். ஒரே வளையத்தை அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருந்து, அது தளரும்போது அளக்க வேண்டும். சுவரைச் சாய்வாக வெட்டும்படி புரோப்பைப் பிடித்தாலும் தடிப்பு கூடித் தெரியும், குறுக்குவெட்டு வட்டமாக வரும்வரை திருப்ப வேண்டும். இவற்றைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஸ்கேனில் தடிப்பு தெரியாததால் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எல்லா வளையங்களும் புரோப்பின் கண்ணில் படுவதில்லை, சில குட்டிகளில் தடிப்பு லேசாகவே இருக்கும்.

ஃபினைல்பியூட்டசோன் கொடுத்திருந்ததால் வலது மேற்பெருங்குடலைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அம்மருந்து அந்த இடத்தில் புண் உண்டாக்கி இதேபோல் அல்புமினைக் கசியவிடும். வலப்பக்கம் 11 முதல் 13 வரையிலான விலா இடைவெளிகளில், கல்லீரலை ஒட்டி அதைக் காணலாம். சுவர் 3 மில்லிமீட்டர், இயல்பு.

வேறு எவை இருக்கலாம்

பால்மறந்த குட்டியில் காய்ச்சலும் மெலிவும் என்றால் நுரையீரலிலும் வயிற்றிலும் சீழ்க்கட்டி உண்டாக்கும் ரோடோகாக்கஸ் ஈக்வை பாக்டீரியா முதலில் நினைவுக்கு வரும். நுரையீரல் ஸ்கேனில் சீழ்க்கட்டி இல்லை. வயிற்று நீரில் புரதமும் செல்களும் குறைவாகவே இருந்தன, உள்ளே சீழ்க்கட்டி இருந்தால் அப்படி இராது. சால்மோனெல்லாவுக்கு ஒரு லத்தி மாதிரி போதாது. 24 மணி நேர இடைவெளியில் ஐந்து மாதிரிகள் அனுப்பப்பட்டன. முடிவு வரும்வரை தனிக்கொட்டில், தனி உடை, காலணிக் கழுவல் எல்லாம் கடைப்பிடிக்கப்பட்டன. ஐந்தும் வளரவில்லை. கிளாஸ்ட்ரிடிய நச்சுச் சோதனைகளும் இல்லை என்றன. லத்தியில் புழு முட்டை மிகக் குறைவு. ஆனால் சிறு ஸ்ட்ராங்கைல் புழுக்களின் இளம்புழுக்கள் குடல் சுவருக்குள் உறங்கும்போது முட்டை இடுவதில்லை என்பதால் முட்டை எண்ணிக்கையை மட்டும் நம்பிப் புழுவை விலக்க முடியாது. அவை தாக்குவது பெருங்குடலை. இங்கே தடித்திருந்தது சிறுகுடல், ஆகவே அந்த ஐயம் பின்னுக்குப் போனது.

நான்கு முதல் ஏழு மாத வயது, பால்குடி மறந்த சில வாரங்கள், கழிச்சல் இல்லாமலே நீர்வீக்கம், 2-க்குக் கீழே அல்புமின், தடித்த சிறுகுடல். இவை ஒன்றுசேர்ந்தால் லாசோனியாவே முதலிடம் பெறும். சோதனை முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டிய இடம் இது.

நுண்ணுயிர் என்ன செய்கிறது

லாசோனியா வளைந்த கோல் வடிவக் கிராம் எதிர்ப் பாக்டீரியா. உயிருள்ள செல்லுக்கு வெளியே பெருகாது. அதனால் வழக்கமான வளர்ப்புத் தட்டில் வராது, லத்தியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிவிட்டு ‘ஒன்றும் வளரவில்லை’ என்ற தாளைப் பார்த்து நிம்மதி அடைவதில் பொருள் இல்லை. பன்றிகளின் குடல்நோய்க் காரணியாகவே இது முதலில் அறியப்பட்டது. குதிரைக் குட்டியில் இந்நோயின் முதல் விவரணை 1982-இல் வெளிவந்தது. பன்றி நோயை நெடுங்காலம் ஆராய்ந்த கார்டன் லாசனின் பெயரால் 1995-இல் இதற்குப் பெயர் சூட்டப்பட்டது.

சிறுகுடலின், குறிப்பாக அதன் கடைப்பகுதியின், சுரப்புக்குழிகளில் புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும் இளம் செல்களுக்குள் இது புகுகிறது. புகுந்த செல் முதிராமலே பிரிந்துகொண்டு போகிறது. குழிகள் நீண்டு கிளைவிட, உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்குகின்றன. சுவர் தடிக்கிறது, உள்பக்கம் மடிப்பு மடிப்பாகிறது. தின்றது சேர்வதில்லை, இரத்தப் புரதம் குடலுக்குள் கசிகிறது. பெருங்குடல் பெரும்பாலும் நலமாகவே இருந்து நீரை உறிஞ்சிக்கொள்வதால்தான் லத்தி இறுகி வருகிறது. குட்டியின் பின்புறம் சுத்தமாக இருப்பதைப் பார்த்துக் குடலை மறந்துவிடும் பிழை இங்கேதான் பிறக்கிறது.

செல்லுக்குள் வாழ்வதால் பெனிசிலினும் ஜென்டாமைசினும் இதை எட்டுவதில்லை. பண்ணையில் போட்ட நான்கு நாள் ஊசி பயனற்றுப் போனதோடு, நீரிழந்த குட்டியின் சிறுநீரகத்தின் மீது ஜென்டாமைசினும் ஃபினைல்பியூட்டசோனும் சேர்ந்து சுமையேற்றின. கிரியாட்டினின் 1.8 அதன் தடயம்.

உறுதிசெய்யும் சோதனைகள்

லத்தியில் நுண்ணுயிரின் மரபணுவைத் தேடும் பிசிஆர், சீரத்தில் (இரத்தத் தெளிநீரில்) எதிர்ப்புரத அளவு என இரண்டையும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும், ஒன்றை மட்டும் அனுப்பினால் சில நோயாளிகள் நழுவக்கூடும். சிகிச்சைக்கான நுண்ணுயிர்க்கொல்லி, செல்லுக்குள் புகும் டெட்ராசைக்ளின்; அதன் முதல் வேளைக்கு முன்பே லத்தி எடுக்கப்பட்டது: மலக்குடலிலிருந்து கையுறையால் எடுத்த 10 கிராம், பனிக்கட்டிப் பையோடு பெட்டியில்.

நான்காம் நாள் முடிவு வந்தது. பிசிஆர் ‘இல்லை’ என்றது. சீரம் 1:960 காட்டியது, அதாவது 960 மடங்கு நீர்த்தபோதும் எதிர்ப்புரதம் தெரிந்தது. இதற்குப் பயன்பட்ட இம்யூனோபெராக்சிடேஸ் சோதனை முறையில் 60-உம் அதற்கு மேலும் நேர்மறை. இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றினாலும் முரண் இல்லை. நுண்ணுயிர் லத்தியில் விட்டுவிட்டுத்தான் வெளியேறுகிறது, நோயின் பிற்பகுதியில் அதுவும் நின்றுவிடலாம். லத்தியில் உள்ள சில பொருள்கள் பிசிஆர் வினையையே தடுக்கவும் கூடும். மறுபுறம், சீரத்தில் எதிர்ப்புரதம் இருப்பது நுண்ணுயிர் உடலைச் சந்தித்தது என்பதை மட்டுமே சொல்லும். நலமான கூட்டாளிக் குட்டிகளிலும் அது இருக்கும். நோயைத் தீர்மானிப்பது அல்புமின், ஸ்கேன், வயது, சீரம் ஆகிய நான்கும் சேர்ந்து சொல்லும் கதை. இந்தக் குட்டியில் நான்கும் ஒரே பக்கம் நின்றன. குடல் திசுவை வெட்டி வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் செல்லுக்குள் வளைந்த கோல்கள் தெரியும் என்றாலும், அல்புமின் 1.2 உள்ள குட்டியின் வயிற்றைத் திறப்பது நியாயமில்லை. அது இறந்தபின் செய்யும் சோதனை.

சிகிச்சை

முதலில் நீர்மமும் பிளாஸ்மாவும். நீரிழந்த சிறுநீரகத்தின் மேல், சிரைவழி கொடுக்கும் டெட்ராசைக்ளின் வகையான ஆக்சிடெட்ராசைக்ளினை ஏற்றக் கூடாது என்பதால் இந்த வரிசை முக்கியம். அல்புமின் இவ்வளவு குறைந்த உடலில் வெறும் உப்புநீர்மத்தை வேகமாக ஓட்டினால் அது குழாய்க்குள் நிற்காது, வீக்கத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே 4 லிட்டர் குதிரைப் பிளாஸ்மா முதலில், பின்பு 6 லிட்டர் ரிங்கர் லாக்டேட் 12 மணி நேரத்தில். பிளாஸ்மா ஓடும் குழாயில் ரிங்கர் லாக்டேட்டைச் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள கால்சியம், பிளாஸ்மாவை உறையாமல் வைத்திருக்கும் சிட்ரேட்டின் வேலையைக் கெடுத்துக் குழாயிலேயே கட்டியாக்கும்.

உறைந்த பிளாஸ்மாப் பையை 37 டிகிரி வெந்நீரில் வைத்து உருக்க வேண்டும். அவசரத்துக்குக் கொதிநீரிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் புரதம் கெட்டுவிடும். வடிகட்டியுள்ள குழாயே பயன்பட வேண்டும். முதல் 20 நிமிடம் சொட்டு மெதுவாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதயத்துடிப்பும் வெப்பமும் பார்த்து. நடுக்கம், தடிப்பு, மூச்சு வேகம் எதுவும் தோன்றாததால் பிறகு வேகம் கூட்டப்பட்டது.

பிளாஸ்மாவிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 190 கிலோ உடலில் பிளாஸ்மா ஏறக்குறைய 9.5 லிட்டர். அதில் இருந்த அல்புமின் 114 கிராம். ஏற்றிய 4 லிட்டரில் ஏறக்குறைய 120 கிராம். இரண்டும் சேர்ந்து 13.5 லிட்டரில் கலந்தால் டெசிலிட்டருக்கு 1.7 வரவேண்டும். ஆறு மணி நேரம் கழித்து அளந்தபோது 1.6, மூன்றாம் நாள் 1.4. குடல் ஆறாதவரை ஏற்றியதும் கசியும், ஒரு பகுதி திசுக்களுக்குள்ளும் போகும். பிளாஸ்மா நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அல்புமினை 2.5-க்குக் கொண்டுவர வேண்டும் என்று பையின் மேல் பையாக ஏற்றுவது செலவை மட்டுமே கூட்டும். பிளாஸ்மாவுக்கு மாற்றாக ஏற்றும் மாவுச்சத்துக் கரைசலான ஹெட்டாஸ்டார்ச் வேண்டாமென முடிவாயிற்று. அது இரத்தம் உறைவதைப் பாதிக்கும், சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அதை ஏற்றியபின் கையடக்க ஒளிவிலகல்மானியில் புரத அளவும் நம்பத்தக்கதாக இராது.

பன்னிரண்டு மணி நேரத்தில் கிரியாட்டினின் 1.3-க்கு இறங்கியது, குட்டி இருமுறை நன்றாகச் சிறுநீர் கழித்தது. அதன் பிறகே ஆக்சிடெட்ராசைக்ளின். கிலோவுக்கு 6.6 மி.கி. என்றால் 190 கிலோவுக்கு 1254 மி.கி., அதாவது 10% கரைசலில் 12.5 மி.லி. அதை 500 மி.லி. 0.9% உப்புநீரில் கலந்து 45 நிமிடத்தில் சிரைவழி. முதல் நாள் ஒரே வேளை. மறுநாள் கிரியாட்டினின் 1.2 என்று உறுதியான பின் 12 மணி நேரத்துக்கு ஒரு வேளை. இம்மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதன் கரைப்பான் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். கலக்காமல் நேரடியாகத் தள்ளினால் குட்டி நின்ற இடத்திலேயே சரியக்கூடும். ரிங்கர் லாக்டேட்டில் கலக்கக் கூடாததற்கும் அதே கால்சியம்தான் காரணம். மாடுகளுக்கான 20% நீடித்த செயல் கரைசலை எடுத்து இதே 12.5 மி.லி. போட்டால் அளவு இரட்டிப்பாகும். புட்டியின் செறிவைப் படித்த பிறகே ஊசியில் ஏற்ற வேண்டும்.

வயிற்றுப் பாதுகாப்புக்கு ஒமெப்ரசோல் கிலோவுக்கு 4 மி.கி. நாளுக்கு ஒருமுறை. ஃபினைல்பியூட்டசோன் உடனே நிறுத்தப்பட்டது. அதன் பெரும்பகுதி அல்புமினோடு ஒட்டி ஓடும் மருந்து, அல்புமின் இல்லாத உடலில் கட்டற்ற பங்கு கூடி, வழக்கமான அளவே நஞ்சாகும். இரண்டாம் இரவு குட்டி காலால் தரையைக் கீறி, படுத்துப் படுத்து எழுந்தது. ஸ்கேனில் வளையங்கள் விரியவில்லை, மூக்குக்குழாயில் தேங்கிய நீர் வரவில்லை. வலிநிவாரணி பியூட்டார்பனால் கிலோவுக்கு 0.02 மி.கி. ஒரே வேளை கொடுத்துச் சற்று நடக்கவிட்டதும் அடங்கியது.

தீவனம் எளியது: மென்மையான உலர்புல் எப்போதும் முன்னால், குதிரைமசால் இலை கைப்பிடி கைப்பிடியாக, 16% புரதமுள்ள குட்டித் தீவனம் நாளுக்கு ஆறு சிறு வேளைகளாக.

ஆறாம் நாள்

அல்புமினோடு ஆன்டித்ராம்பின் என்ற உறைவுத் தடுப்புப் புரதமும் குடலில் கசிகிறது. அதனால் இந்தக் குட்டிகளின் சிரைகள் எளிதில் கட்டியாகும். சிரைக்குள் வைத்த மென்குழாயான கதீட்டர் பாலியூரிதேன் வகை, நாளுக்கு இருமுறை விரலால் தடவிப் பார்த்தல், சோதனை இரத்தத்தை வேறு இடத்தில் எடுத்தல் என்று கவனம் எடுத்தும், ஆறாம் நாள் காலை இடது கழுத்துச் சிரையில் கதீட்டர் நுழைந்த இடம் சூடாகவும் கயிறுபோல் தடித்தும் இருந்தது. உடனே கதீட்டர் எடுக்கப்பட்டு அதன் நுனி வளர்ப்புச் சோதனைக்குப் போயிற்று. வலது கழுத்துச் சிரையில் புதிது போடவில்லை. இரண்டு பக்கமும் அடைந்தால் தலைக்குப் போன இரத்தம் திரும்ப வழியின்றி, முகம் வீங்கி மூச்சே திணறும். அப்போது காய்ச்சல் நின்று மூன்று நாள் ஆகியிருந்தது, குட்டி கேட்டுத் தின்றது. எனவே ஏழு நாள் என்று திட்டமிட்ட ஊசியை ஐந்து நாளோடு முடித்து வாய்மருந்துக்கு மாறுவதே சரி என்று தீர்மானிக்கப்பட்டது. கழுத்துக்கு நாளுக்கு மூன்று முறை வெந்நீர் ஒத்தடம். பத்து நாளில் தடிப்பு கரைந்து சிரை திறந்தது.

வாய்மருந்து டாக்சிசைக்ளின், இதுவும் ஒரு டெட்ராசைக்ளின் வகை: கிலோவுக்கு 10 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். அன்று எடை 180 கிலோ, ஆகவே வேளைக்கு 1800 மி.கி., 100 மி.கி. மாத்திரை பதினெட்டு. மொத்தம் 42 வேளைக்கு 756 மாத்திரை. முன்கூட்டியே எண்ணி வாங்கி வைக்காவிட்டால் இரண்டாம் வாரத்தில் மருந்து தீர்ந்து இடைவெளி விழும். மாத்திரையைப் பொடித்து 60 மி.லி. நீரில் கலக்கி, தீவனத்துக்கு ஒரு மணி நேரம் முன் வாயில் ஊற்ற வேண்டும். தீவனத்தோடு கொடுத்தால் உறிஞ்சல் குறையும். தாது உப்புக் கலவையோடு கொடுத்தால் கால்சியம் மருந்தைக் கட்டிப்போடும். டாக்சிசைக்ளினைக் குதிரைக்குச் சிரைவழி ஒருபோதும் ஏற்றக் கூடாது, இதயம் நின்று உயிர் போகும். இதைப் பெரிய எழுத்தில் மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுவது நல்லது. ஏனென்றால் முந்தைய நாள்வரை அதே குட்டிக்கு இன்னொரு டெட்ராசைக்ளின் சிரைவழி போய்க்கொண்டிருந்தது, பணியாள் மாறும் வேளையில் குழப்பம் வரும்.

அசித்ரோமைசினும் ரிஃபாம்பினும் சேர்ந்த மாற்றுச் சிகிச்சை உண்டு. அது வெயிலில் குட்டியின் உடல் வெப்பத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றலாம், கழிச்சலையும் தூண்டலாம். டெட்ராசைக்ளின் ஒத்துப்போகும்வரை அதற்குத் தேவை எழவில்லை.

மீட்சியின் எண்கள்

காய்ச்சல் 48 மணி நேரத்தில் இறங்கியது. தீவன ஆசை மூன்றாம் நாள் திரும்பியது. வீக்கம் சிறுகச் சிறுக வடிந்து பன்னிரண்டாம் நாள் மறைந்தது. சிகிச்சை தொடங்கி 72 மணி நேரத்தில் முகத்தில் தெளிவே தெரியாவிட்டால், நோயறிதல் தவறா அல்லது குடல் சுவர் அழுகும் கடுவகைக்குப் போய்விட்டதா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

எடை ஒரு பொறி. 190-இல் தொடங்கி ஆறாம் நாள் 180, ஒன்பதாம் நாள் 176. பதிவேட்டை மட்டும் பார்ப்பவர் குட்டி மோசமாகிறது என்றே நினைப்பார். வடிந்தது கோத்த நீர். வந்த அன்று எடைமேடை காட்டிய 190-இல் குறைந்தது 14 கிலோ நீர். ஆகவே முதல் பத்து நாள் எடையைவிட அல்புமினும் தின்ற தீவனத்தின் அளவும் நம்பத்தக்க அடையாளங்கள். 28-ஆம் நாள் 196 கிலோ, 56-ஆம் நாள் 226 கிலோ.

அல்புமின் மிக மெதுவாகவே ஏறியது. ஏழாம் நாள் 1.5, பதினான்காம் நாள் 1.8, 28-ஆம் நாள் 2.5, 56-ஆம் நாள் 3.0. குட்டி துள்ளி ஓடத் தொடங்கிய நாளில் அல்புமின் இன்னும் 1.8-தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வெளித்தோற்றம் முன்னே ஓட, இரத்தம் பின்னே வரும். தோற்றத்தை நம்பி இரண்டாம் வாரம் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப இடம் கிடைக்கும். அல்புமின் ஏறவில்லையே என்று நல்ல மருந்தை மாற்றுவதும் அதே அளவு தவறு. சிறுகுடல் சுவர் பதினான்காம் நாள் 5 மில்லிமீட்டர், 35-ஆம் நாள் 3 மில்லிமீட்டர்.

கூட இருந்த ஏழு குட்டிகள்

ஒரு குட்டி படுத்தால் கொட்டிலில் இன்னொன்று ஏற்கெனவே பாதி வழியில் இருக்கக்கூடும். சிகிச்சை தொடங்கிய அன்றே ஏழு குட்டிகளுக்கும் எடை, வெப்பம், ஒளிவிலகல்மானியில் மொத்தப் புரதம் பார்க்கப்பட்டன. ஒரு துளி சீரத்தில் ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை அது. ஐந்து குட்டிகளில் 5.4-க்கு மேல், இரண்டில் 4.7-உம் 4.4-உம். அந்த இரண்டின் அல்புமின் 2.3, 2.0. வெளியே எந்த அறிகுறியும் இல்லை, ஒன்றில் மட்டும் சிறுகுடல் 4 மில்லிமீட்டர். ஏழில் ஐந்தின் சீரம் நேர்மறை. அதாவது நுண்ணுயிர் கொட்டில் முழுவதும் சுற்றி வந்திருந்தது, நோய் கண்டது மூன்றில் மட்டும். அல்புமின் குறைந்த இரண்டுக்கும் வாய்வழி டாக்சிசைக்ளின் மட்டும் இரண்டு வாரம். சீரம் நேர்மறையாக இருந்தும் அல்புமின் இயல்பாக உள்ளவற்றுக்கு மருந்து கொடுக்கவில்லை. எல்லாக் குட்டிகளுக்கும் காப்பாகக் கொடுப்போம் என்ற எண்ணம், டெட்ராசைக்ளினால் வரக்கூடிய கடுங்கழிச்சலை நலமான குட்டிகளுக்கும் வாங்கித் தரும்.

நோயுற்ற குட்டிகளின் லத்தி அன்றன்றே அள்ளப்பட்டு மேய்ச்சலுக்கு எட்டாத இடத்தில் போடப்பட்டது. பன்றி லத்தியில் இந்த நுண்ணுயிர் 5 முதல் 15 டிகிரிக் குளிரில் இரண்டு வாரம் வரை உயிரோடிருக்கும். கொட்டிலின் தரையில் முதலில் லத்தியைச் சுரண்டிக் கழுவி, அதன் பிறகு நான்கிணைய அம்மோனியக் கிருமிநாசினி. கழுவாமல் மேலே தெளித்தால் மருந்து லத்தியிலேயே செலவாகிவிடும். எலிகளும் முயல்களும் இதைச் சுமக்கக்கூடும் என்பதால் தீவன மூட்டைகள் மூடியுள்ள தகரப் பீப்பாய்களுக்கு மாறின. பன்றி வளர்க்கும் இடத்துக்குப் போய் வரும் காலணி குட்டிக் கொட்டிலுக்குள் வரக் கூடாது.

அடுத்த பிறப்புக் காலக் குட்டிகளுக்கு, பன்றிகளுக்கான வீரியம் குறைத்த உயிர்த் தடுப்பூசி மலக்குடல் வழியாக 30 மி.லி. வீதம், 30 நாள் இடைவெளியில் இருமுறை தரத் திட்டமிடப்பட்டது. குதிரைக்கென்று அங்கீகாரம் பெறாத பயன்பாடு இது, உரிமையாளரிடம் அதைச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். உயிர்த் தடுப்பூசி என்பதால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் சில நாள் எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் இருக்கக் கூடாது. லத்தி நிறைந்த மலக்குடலில் ஊற்றினால் மருந்து அப்படியே வெளியே வந்துவிடும், முதலில் லத்தியைக் கையால் எடுத்துவிட்டு மென்குழாயை 15 செ.மீ. உள்ளே செலுத்தி மெதுவாக ஊற்ற வேண்டும். முதல் தவணை, முந்தைய ஆண்டு நோய் கண்ட வயதுக்குக் குறைந்தது எட்டு வாரம் முன்பு. பால்குடி மறந்ததிலிருந்து மூன்று மாதம் வரை ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடையும் மொத்தப் புரதமும் பார்க்க, 5.0-க்குக் கீழே இறங்கும் குட்டிக்கு அன்றே அல்புமினும் ஸ்கேனும் செய்ய, கொட்டிலின் வாசலிலேயே அட்டவணை தொங்கவிடப்பட்டது.